நாற்பத்தெட்டு விநாடி

அவளை எல்லோரும் கத்திரி என்றுதான் கூப்பிட்டார்கள். பேச்சை வெட்டுவது அவள் தொழில். பதினொரு வருடமாக விடாமல் ஓடிக்கொண்டிருந்த ஒரு பாட்காஸ்ட் அது. வாரம் ஒரு விருந்தாளி, மூன்று மணி நேரம் வாய் ஓயாத பேச்சு. அதை முழுசாகக் கேட்டவர்கள் மிகக் குறைவு. ஊர் வாயில் விழுந்ததெல்லாம் வெள்ளிக்கிழமை வெளியாகும் ‘வாரத்தின் ஏழு’ மட்டும்தான். ஏழு துண்டுகள், ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்குள். பொறுக்கி எடுப்பவள் கத்திரி.

அந்த வேலைக்கு அவளை மிஞ்ச ஆள் கிடையாது. சிறு வயதில் அவள் அப்பா கை ஓங்குவதற்கு முன் மூக்கால் சின்னதாக ஒரு மூச்சு இழுப்பார். அன்றைக்கு அடி யார் மேல் விழும், அம்மா மேலா தன் மேலா என்பதை அந்த மூச்சை வைத்தே சொல்லிவிடுவாள். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு மூன்று மணி நேரப் பேச்சை ஓடவிட்டால், விருந்தாளி எந்த இடத்தில் வெடிக்கப் போகிறார் என்பது அவளுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

பேட்டி எடுப்பவரை அங்கே எல்லோரும் அண்ணா என்பார்கள். “ஏழுல நாலுலயாவது ரத்தம் சொட்டணும், கத்திரி. மீதி மூணு உன் இஷ்டம்” என்பார். சிரித்துக்கொண்டே சொல்வார். அவளும் சிரிப்பாள்.

ஒருமுறை பாறை என்ற பட்டப்பெயர் கொண்ட ஒருவன் விருந்தாளியாக வந்தான். பெரிய மனிதர்களுக்குக் காவலாக நின்றவன். ஆள் கதவை அடைத்தாற்போல் இருப்பான். ஒரு பஸ் டிரைவரோடு நடுத்தெருவில் நடந்த சண்டையைச் சொன்னான். வண்டியை உரசிவிட்டானாம், இறங்கி வந்து எதிர்த்துப் பேசினானாம்.

“பெருவிரலை உள்ள விட்டேன் பாருங்க...” என்றவன், தன் கன்னத்துக்குள் விரலை விட்டு ‘பொளக்’ என்று வெளியே இழுத்துக் காட்டினான். “கண்ணு போயிடுச்சு!”

அண்ணா மேசையைத் தட்டிச் சிரித்தார். பாறையும் சிரித்தான்.

அது நாற்பத்தெட்டு விநாடி. கத்திரி அதை முதல் துண்டாக வைத்தாள். அதற்கு இருபது நிமிடம் கழித்து அதே பாறை குரல் உடைந்து, “அவன் பொண்ணு பஸ் படியில நின்னு பார்த்துக்கிட்டு இருந்துச்சு, அண்ணா. எனக்குத் தூக்கம் வர்றதில்ல” என்று அழுதான். அந்தப் பகுதியை அவள் கேட்டாள். நீளம் அதிகம், வேகம் இல்லை. விட்டுவிட்டாள்.

துண்டு தீயாய்ப் பரவியது. அண்ணா விடவில்லை. மாதத்தின் ஏழு, வருடத்தின் ஏழு, பத்தாம் ஆண்டு ஏழு என்று எதை எடுத்தாலும் பாறையின் ‘பொளக்’ அதில் வந்தது. பள்ளிப் பிள்ளைகள் கன்னத்தில் விரல் விட்டு அந்தச் சத்தம் எழுப்பினார்கள். யாரோ அதைத் தொலைபேசி மணியாகவே ஆக்கிவிட்டார்கள்.

கண் போன டிரைவர் அதே டிப்போவில் பஸ் கழுவிக்கொண்டிருந்தார். ஒற்றைக் கண்ணோடு ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டார்களே. கூட வேலை செய்தவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தத்தைப் போட்டார்கள். பிறகு முகத்துக்கு நேரே போட்டார்கள். ஒரு நாள் மகளின் வகுப்பே சேர்ந்து போட்டதாம். பிள்ளை அதோடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டாள்.

விளம்பரம் செய்து பாறையை இரண்டாம் முறை அழைத்திருந்த புதன்கிழமை முற்பகலில் டிரைவர் ஸ்டூடியோவுக்குள் வந்தார். வரவேற்பில் யாரும் இல்லை. வீல் ஸ்பேனரைத் துண்டில் சுற்றி வைத்திருந்தார்.

கத்திரி கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருந்தாள். உள்ளே இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்க, மைக்கில் மூன்றாவதாக ஒரு மூச்சு கேட்டது. மூக்கால் இழுத்த சின்ன மூச்சு.

“பின்னாடி!” என்று கத்தினாள்.

பாறை திரும்பினான். பிடரியில் விழ வேண்டிய இரும்பு தாடையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் ஹெட்ஃபோன் வழியாக அவள் காதுக்குள் வெடித்தது. இரண்டாவது அடியில் பற்கள் மேசைமேல் சிதறின. அண்ணா மேசைக்கடியில் புகுந்துவிட்டார். கத்திரி கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி இருவருக்கும் நடுவில் கையை நீட்டினாள். மூன்றாவது அடி அவள் மணிக்கட்டை நொறுக்கியது. தோலைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாய் ஏதோ எட்டிப் பார்ப்பதை அவளே பார்த்தாள்.

பாறை நினைத்திருந்தால் அந்த மனிதரை ஒரு கையால் தூக்கி அடித்திருக்கலாம். கையை ஓங்கவே இல்லை. அடிப்பது யாரென்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. தொங்கும் தாடையோடு தரையில் உட்கார்ந்தான். டிரைவர் அவன் தலைமுடியைப் பற்றி மைக்குக்கு நேரே இழுத்தார்.

“சத்தம் போடுடா. ஊரே போடுதே, நீயும் போடு. போடுடா!”

பாறையின் வாயிலிருந்து ரத்தம் மட்டும்தான் வந்தது. போலீஸ் வரும்வரை டிரைவர் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அண்ணா கத்திரியின் காதருகே குனிந்தார். ஆறுதல் சொல்லப் போகிறார் என்று நினைத்தாள்.

“கேமரா ஓடிக்கிட்டுதானே இருந்துச்சு?”

அவள் ஆமாம் என்று தலையசைத்தாள். பதினொரு வருடப் பழக்கம். அந்த வாரத்தின் ஏழு துண்டுகளையும் அண்ணாவே வெட்டினார். அவள் அலறலோடுதான் அது தொடங்கியது.

மருத்துவமனையில் அவள் கட்டிலருகே உட்கார்ந்து அவள் கணவர் போனில் அதைப் பார்த்தார். லிஃப்ட் பழுது பார்ப்பவர், அதிகம் பேசாதவர்.

“இத்தனை வருஷமா இதைத்தான் செஞ்சியா?” என்று கேட்டார்.

“இதைத்தான்.”

கட்டுப் போட்ட கையோடு டிரைவரின் வீட்டைத் தேடிப் போனாள். மனைவி கதவைத் திறந்தார். தான் யாரென்பதை ஒளிக்காமல் சொல்லி, பாறை அழுத பகுதியைப் போட்டுக் காட்டினாள். அந்த அம்மா நின்றபடியே கேட்டார்.

“இதை ஏன் அன்னைக்கே போடல?”

“போட்டிருந்தா யாரும் பார்த்திருக்க மாட்டாங்க, அக்கா.”

“அப்போ என்கிட்ட மட்டும் எதுக்குக் காட்டுற? உன் மனசு ஆறவா?”

பளாரென்று ஒரு அறை. கத்திரியின் உதடு கிழிந்தது. உள்ளே மகள் கதவைச் சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது. அடித்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அந்த அம்மா கேட்டார்: “எங்க வக்கீல்கிட்ட இதைக் கொடுப்பியா?”

கொடுத்தாள். நீதிமன்றத்தில் மூன்று மணி நேரப் பேச்சும் முழுசாக ஓடியது. அதை யார் வெட்டியது என்று கேட்டார்கள். நான்தான் என்றாள். தாடையில் கம்பி கட்டியிருந்த பாறை, தனக்கு அவர்மேல் புகார் இல்லை என்று எழுதிக் கொடுத்தான். டிரைவருக்குப் பதினான்கு மாதம் சிறை. இதெல்லாம் இல்லாவிட்டால் இன்னும் நிறைய கிடைத்திருக்கும் என்றார் வக்கீல்.

அண்ணா அந்த நாற்பத்தெட்டு விநாடியை எடுத்துவிட்டார். ஆயிரம் இடத்தில் நகல் இருந்ததால் எடுத்ததும் எடுக்காததும் ஒன்றுதான். கத்திரியின் இடத்துக்கு வேறொருவர் வந்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் ஏழு வருகிறது.

அவள் இப்போது காது கேட்காதவர்கள் படிப்பதற்காகப் பாடங்களின் பேச்சை எழுத்தாக்கித் தருகிறாள். இடது கையால்தான் தட்டச்சு; வலது கை முழுசாகத் திரும்பவில்லை. டிரைவர் வெளியே வந்த வாரம் அவர் மனைவியிடமிருந்து ஒரு செய்தி வந்தது: “வந்துட்டார். நீ இங்க வந்துடாதே.” சரி என்று பதில் போட்டாள். போகவில்லை.