வீட்டுக்குப் போகும் வயர்

இஸ்திரிப் பெட்டியின் பின்பக்கத்தில் கட்டைவிரலைக் கொடுத்து வயரை உருவுகிறார். உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் இடையே எட்டுச் சுற்று. முனையை நடுவில் செருகி, காலியான சாப்பாட்டு டப்பாவின் மேல் வைத்துப் பையை மூடுகிறார். வயரில் தொங்கும் மஞ்சள் அட்டை மட்டும் வெளியே எட்டிப் பார்க்கிறது. அதையும் விரலால் உள்ளே தள்ளுகிறார். பிறகுதான் விளக்கு, அதன் பிறகு ஷட்டர். பெட்டி கடையில் தூங்கும். வயர் வீட்டுக்குப் போய்வரும். இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

தெருவில் அவருக்குத் திரைக்காரம்மா என்று பெயர். ஜன்னல், கதவு, மேடை, மருத்துவமனைக் கட்டில், எதற்கும் திரை தைப்பார். சட்டை, பாவாடை என்று கேட்டு வருகிறவர்களை, "ஆளுக்குத் தைக்கறதில்லைங்க. ஜன்னல்னா குண்டாகாது" என்று சிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடுவார். ஒரு ஜன்னலை இடது ஓரம், நடு, வலது ஓரம் என மூன்று இடத்தில் அளப்பார். எல்லாம் நேராகத்தானே இருக்கிறது என்று வீட்டுக்காரர்கள் முணுமுணுத்தால், "நீங்க சொன்னா போதுமா, டேப் சொல்லட்டும்" என்பார். என் வீட்டு ஜன்னல் ஒன்று அரை அங்குலம் கோணல் என்பதை இப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

வயர் வீட்டுக்குப் போகத் தொடங்கியதற்கு ஒரு சிறு கதை உண்டு. கடை போட்ட முதல் மாதம், பாதி வழியில் திடீரென்று நின்றுவிடுவாராம். பெட்டியை அணைத்தோமா? திரும்பி ஓடிப் பார்ப்பார், அணைத்திருக்கும். ஒரே மாலையில் மூன்று தடவை ஓடியபோது, பஸ் கண்டக்டராக இருந்த கணவர், "நாலாவது டிரிப்புக்கு டிக்கெட் எடுத்துட்டுப் போ" என்றாராம். மறுநாள் முதல் வயரை உருவிப் பையில் போட ஆரம்பித்தார். அணைத்தோம் என்ற நினைவு ஏமாற்றலாம். பையில் கிடக்கும் வயர் ஏமாற்றாது. ஐயத்தைப் பற்றித் தடித்த புத்தகங்கள் இருக்கின்றன. இவ்வளவு சிக்கனமான விடை அவற்றில் என் கண்ணில் படவில்லை.

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் கடை தீப்பிடித்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி வந்தது. எச்சில் கையோடு எழுந்தவர், முதலில் ஆணியில் மாட்டியிருந்த பையைத் திறந்து தடவிப் பார்த்தார். "ஒயர் இங்கதான் இருக்கு" என்று கணவரிடம் சொல்லிவிட்டுத்தான் ஓடினார். ஐந்து தையல் மிஷின்கள், துணி உருளைகள், மருத்துவமனைக்குத் தைத்து மடித்து வைத்த அறுபது திரைகள், எல்லாம் கரி. பக்கத்தில் படத்துக்குச் சட்டம் போடும் கடையின் சுவரும் கருகி, கண்ணாடிகள் விரிசல் விட்டிருந்தன. அந்தக் கடைக்காரர் கூட்டத்தின் நடுவே நின்று, "பெட்டியப் போட்டுட்டுப் போயிட்டு இப்ப வந்து நிக்கறீங்களேக்கா" என்றார். அன்றோடு இவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். தெருவும் அவர் சொன்னதையே நம்பியது.

கடைக்குத் தீ காப்பீடு இருந்தது. இழப்பை மதிப்பிடக் கம்பெனி அனுப்பிய சர்வேயர் ஆறாம் நாள் வந்தார். வெள்ளை ஷூ அழுக்காகாமல் வாசலிலேயே நின்று, இருபது நிமிடத்தில் படம் எடுத்துக்கொண்டு போனார். இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. இஸ்திரிப் பெட்டி மின் இணைப்பில் விடப்பட்டதே தீக்குக் காரணம். இது உரிமையாளரின் கவனக்குறைவு. ஒன்பதாவது நிபந்தனைப்படி எதுவும் தர இயலாது.

கம்பெனி பெரிசு, போய் மோதி மண்டையை உடைத்துக்கொள்ளாதே என்றார் திரைக்காரம்மாவின் தம்பி. அவருக்குக் கிடைத்த பதில்: "ஜன்னலயே பாக்காம திரை தச்சிருக்காங்கடா. நான் டேப்ப எடுத்துட்டுப் போறேன்."

அவர் முதலில் கேட்டது பணத்தை அல்ல, சர்வேயரின் அறிக்கையை. அது எங்கள் உள் ஆவணம் என்றது கம்பெனி. இல்லை, கேட்டால் கொடுத்தாக வேண்டும் என்று கணவர் விசாரித்து வந்திருந்தார். வாரம் ஒரு பதிவுத் தபால் போனது. ரசீதுகளைத் துணி மாதிரிகளைப் போல ஒரு நாடாவில் வரிசையாகக் குண்டூசி குத்தி வைத்தார். ஆறாவது தபாலுக்கு அறிக்கை வந்தது, படங்களோடு. அன்று சாப்பாட்டு மேசையில் இரவல் மிஷினை ஒதுக்கிவிட்டுப் படங்களைப் பரப்பி, ஒவ்வொன்றையும் இடது, நடு, வலது என்று பார்த்தார். மூன்றாவது படத்தில் விரலை வைத்துக் கணவரைக் கூப்பிட்டார்.

அந்த மாதங்களில் கணவர் பாலிசியை மாலைதோறும் உரக்கப் படிப்பார். இவர் ஓரம் மடித்துத் தைத்தபடி கேட்பார். "ஒம்பதாவது கண்டிஷன் வந்தாச்சு, எறங்கறவங்க எறங்கலாம்" என்பார் கணவர். "நான் கடைசி ஸ்டாப்புங்க, நீங்க ஓட்டுங்க" என்பார் இவர்.

கம்பெனியின் குறைகேட்கும் பிரிவில் தேநீர் கொடுத்தார்கள். இழப்பில் கால் பங்கு தருவதாகச் சொல்லி ஒரு தாளை நீட்டினார்கள்: முழுத் தீர்வாக, மனநிறைவுடன் பெற்றுக்கொண்டேன். கையெழுத்துப் போட்டால் அதற்குமேல் எங்கும் போய் வாதாடுவது கடினம். திரைக்காரம்மா தாளை இரண்டு முறை படித்தார். "மனநிறைவுன்னு போட்டிருக்கே சார், அது எனக்கு இன்னும் வரலையே. வந்ததும் போடறேன்" என்று தேநீரைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து வந்தார்.

அடுத்தது, காப்பீட்டுப் புகார்களைச் செலவில்லாமல் விசாரிக்கும் குறைதீர்ப்பாளர். அவரும் கால் பங்கையே எழுதினார். குடும்பமே வாங்கிக்கொள் என்றது. ஆனால் அவர் முடிவை இவர் ஏற்றால்தான் அது கம்பெனியைக் கட்டுப்படுத்தும். ஏற்காவிட்டால் இவரைக் கட்டுப்படுத்தாது. ஏற்கவில்லை என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தார். கருகிய கடையை அடுத்த வருடக் கடைசிவரைதான் இவருக்காக வைத்திருப்பேன் என்று கட்டட உரிமையாளர் சொல்லியிருந்தார். கையில் வந்த பணத்தை மறுத்த அந்த வாரம் அவர் சரியாகத் தூங்கவில்லை என்று பின்னால் கணவர் சொன்னார். இதைத் துணிச்சல் என்பதா என்று எனக்குத் தெரியவில்லை. கோணலாக அளந்ததை நேர் என்று ஒப்புக்கொள்ள அவர் கை பழகியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

மிச்சமிருந்தது நுகர்வோர் நீதிமன்றம். மறுப்புக் கடிதம் வந்த நாளிலிருந்து இரண்டு வருடம்தான் கெடு, அதில் பதினான்கு மாதம் போய்விட்டது, வக்கீல் இல்லாமலும் வழக்குப் போடலாம் என்று வாசல் மேசை எழுத்தர் சொன்னார். மூன்று பக்கம் தன் கையாலேயே எழுதினார். பின்சந்தில் இருந்த பொது மீட்டர் பலகையில் தீ தொடங்கியிருக்கலாம் என்ற தீயணைப்புத் துறைச் சான்றையும், அந்த வயரையும் சேர்த்துக் கொடுத்தார். மஞ்சள் அட்டை அங்கே கட்டியது: சான்று நான்கு.

விசாரணையன்று கம்பெனி வக்கீல், எந்தக் கடையிலும் ஒரு வயரை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளலாமே என்றார். "வாஸ்தவம் சார்" என்று ஒப்புக்கொண்டார் திரைக்காரம்மா. பிறகு, கூண்டில் நின்ற சர்வேயரிடம் கேள்வி கேட்க அனுமதி வாங்கினார்.

"இந்தப் படம் நீங்க எடுத்ததுதானுங்களே?"

"ஆமா."

"மிஷின் ஓரத்துல கம்பி கம்பியா கெடக்கே, என்னங்க அது?"

"மோட்டார் ஒயர். மேல் உறை எரிஞ்சிடும், செம்பு மிஞ்சும்."

"சரிங்க. இது மூணாவது படம். பெட்டியோட பின்பக்கம். ஒயர் குத்தி வெச்சிருந்தேன்னு எழுதியிருக்கீங்க. அதோட செம்பு எங்கங்க?"

சர்வேயர் படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். பெட்டியின் பின்னால் இரண்டு மொட்டை முனைகள் நீட்டிக்கொண்டிருந்தன. சுற்றிலும் வெறும் சாம்பல். நீதிமன்றத் தலைவர் கையை நீட்டிப் படத்தை வாங்கிக்கொண்டார். வக்கீல் தன் கோப்பில் எதையோ தேடினார், அது கிடைக்கவில்லை.

முழு இழப்பு, வட்டி, வழக்குச் செலவு, மன உளைச்சலுக்கு ஈடு என்று நீண்ட தீர்ப்பை வராந்தாவில் நின்று கணவர் படித்தார். "அதெல்லாம் கெடக்கட்டும், அந்த வரியப் படிங்க" என்றார் இவர். கணவர் பழைய கண்டக்டர் குரலில், வராந்தா முழுக்கக் கேட்கும்படி படித்தார்: "கடை உரிமையாளரிடம் கவனக்குறைவு எதுவும் இருந்ததாக நிரூபிக்கப்படவில்லை." இன்னொரு முறை என்றார். மூன்றாம் முறை படித்தபோது யாரோ ஒரு வழக்காளி கைதட்டினார். கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போகவில்லை.

கட்டட உரிமையாளர் சொன்ன கெடு முடிய ஐந்து வாரம் இருக்கையில் கடை திறந்தது. ஐந்து மிஷின் இருந்த இடத்தில் இப்போது ஏழு. புதுப் பெட்டிகள் வயரோடு ஒட்டியே வருகின்றன என்பதால், மெக்கானிக்கைப் பிடித்து ஒன்றை அறுக்கச் சொல்லி, பழைய வயர் பொருந்தும்படி முனை வைத்துக்கொண்டார். மறுப்புக் கடிதத்தோடு யார் யாரோ தேடி வருகிறார்கள். மூன்று கேள்வி கேட்பார்: அறிக்கையை வாங்கினீர்களா, படங்களைப் பார்த்தீர்களா, எதிலாவது கையெழுத்துப் போட்டீர்களா. அதற்குமேல் கேட்டால், "சட்டமெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. என் கடைய நான் எப்படிப் பூட்டுவேன்னு தெரியும்" என்று மிஷினை மிதிக்கத் தொடங்கிவிடுவார்.

திறப்பு நாளில் பக்கத்துப் படச்சட்டக் கடைக்காரர், தீப்பிடித்த நாளுக்குப் பிறகு முதல் முறையாகப் படியேறி வந்தார். கையில் நல்ல தேக்குச் சட்டம், புதுக் கண்ணாடி. தீர்ப்பைக் கொடுங்கள், காசு வேண்டாம், மாட்டித் தருகிறேன் என்றார். "மாட்டினா தூசு தொடைக்கணும். அது டிரங்குப் பெட்டியிலயே கெடக்கட்டும்" என்று உட்கார நாற்காலியைத் தள்ளினார் திரைக்காரம்மா.

அன்று மாலை இரண்டு ஷட்டர்களும் ஒரே நேரத்தில் இறங்கின. சட்டக் கடைக்காரர் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றார்.

"ஒயர எடுத்துட்டீங்களாக்கா?"

திரைக்காரம்மா பையின் வாயை அகல விரித்து, அவர் நன்றாகப் பார்த்து முடிக்கும்வரை, அவர் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.