கேசர் தெளித்த வாசல்

எதிர்வீட்டுக்காரர் இன்றைக்கும் ரப்பர் டியூப் போட்டுக் காரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். ராஜபாளையத்தில் நகராட்சித் தண்ணீர் எப்போது வரும் என்று குழாயைப் பார்த்துக் கண் பூத்துப்போகிற காலம் இது. ஆனால் அவர் வீட்டில் போர் இருக்கிறது, போரில் தண்ணீரும் இருக்கிறது. கேட்பதற்கு நான் யார்? பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு வாயைப் பொத்தி உள்ளே வந்துவிடத்தான் நினைத்தேன். அதற்குள் டயரிலிருந்து வழிந்த தண்ணீர், எங்கள் வாசலில் சிமெண்ட் போடாமல் தப்பித்த ஒரு முழம் மண்ணைத் தொட்டது. குப்பென்று ஒரு வாசனை எழுந்தது பாருங்கள், என் கோபம் அப்படியே திசை மாறிவிட்டது.

காய்ந்த புழுதியில் முதல் தண்ணீர் விழுகிற வாசனை. உங்களுக்கு அது கோடை மழையை ஞாபகப்படுத்தலாம். எனக்கு அது ஒரு பெண்ணை ஞாபகப்படுத்தும்.

எனக்குப் பிறந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர், வாழ்க்கைப்பட்டது ராஜபாளையம். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடுகிற தூரம். அந்தத் தைரியத்தில்தான் அப்பா பெண் கொடுத்தார். வீட்டுக்காரர் நூல் மில்லில் ஈரக்காற்று பிளான்ட் பார்க்கிறவர். பஞ்சு நூலுக்கு ஒரு குணம் உண்டு. காற்று காய்ந்தால் பொட்டுப் பொட்டென்று அறுந்துபோகும். அதனால் மில்லுக்குள் ஈரக்காற்றை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். எண்பதுகளின் நடுவில் ராஜஸ்தானத்தில், ஜோத்பூருக்கும் மேற்கே ஒரு மணல் ஊரில் யாரோ ஒருவர் நூல் மில் கட்டினார். பாலைவனத்தில் நூல் மில் கட்டிய அந்தப் புண்ணியவானின் மூளையை என்னவென்று சொல்ல! ஆனால் ஈரம் இல்லாத ஊரில்தானே ஈரக்காற்றுக்காரருக்கு மரியாதை. இரண்டு மடங்கு சம்பளம் என்றார்கள். கல்யாணமான வருஷமே, ஆனி மாதத்தில், ஒரு டிரங்குப் பெட்டியும் இட்லிக் கொப்பரையும் நானும் அவருமாகப் போய் இறங்கினோம்.

வெயில் எனக்குப் புதிதா என்ன? நம் ஊர் வெயிலும் லேசுப்பட்டதில்லை. ஆனால் இங்கே சாயந்திரமானால் மலைப்பக்கத்திலிருந்து ஒரு காற்று வந்து தலையைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போகும். அங்கே காற்றுதான் அடுப்பு. பகலில் அனல் வீசும்போது வெளியே போகிற ஆண்கள் சட்டைப்பையில் பச்சை வெங்காயம் வைத்திருப்பார்கள், சூடு தாக்காமல் இருக்க. இவரும் வைத்துக்கொண்டு போனார். வந்ததும் அதைப் பிடுங்கிச் சாம்பாரில் போட்டுவிடுவேன். துவைத்த சேலையைக் கொடியில் ஒரு முனை போட்டு மறு முனைக்கு வருவதற்குள் முதல் முனை காய்ந்திருக்கும். மணல் எங்கே இல்லை என்று கேளுங்கள். சோற்றில், படுக்கையில், தாலிக்கொடியில், கண்ணிமையில். குளிர்காலம் வந்தால் நேர்மாறு. தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள் மெழுகாக உறைந்துவிடும், தோசை மாவு மூன்று நாளானாலும் பொங்காமல் அழுத்தமாக உட்கார்ந்திருக்கும். மாவைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த ஆள் நான்.

மில் குவார்ட்டர்ஸ் கட்டி முடியவில்லை என்று ஊருக்குள் ஒரு கல் வீட்டில் எங்களை வைத்திருந்தார்கள். மில் டேங்கர் வந்து எங்கள் டிரம்மை மட்டும் நிரப்பிவிட்டுப் போகும். தெருப் பெண்களெல்லாம் ஊருக்கு வெளியே உள்ள கிணற்றுக்குக் குடம் தூக்கிப் போய் வருவார்கள். எதிர்வீட்டில் கேசர் என்று ஒருத்தி, என் வயதுதான் இருக்கும். இடுப்பில் ஒரு கைக்குழந்தை, வாசலில் ஒரு வெள்ளாடு, முகத்தில் முக்காடு. முதல் நாள் அவளைப் பார்த்துச் சிரித்து, "பாகுன்னாரா?" என்று நலம் விசாரித்தேன். ராஜபாளையத்தில் எங்கள் பக்கத்து வீட்டம்மா தெலுங்கு பேசுவார். தமிழ் புரியாதவர்களுக்குத் தெலுங்கு புரியும் என்பதுதான் அன்றைக்கு என் உலக ஞானம். கேசர் முக்காட்டுக்குள்ளிருந்து என்னை ஒரு முறை பார்த்துவிட்டு ஆட்டை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பிறகு அந்தத் தெருவில் யாருமே என்னிடம் முகம் கொடுக்கவில்லை. நான் வாசலுக்கு வந்தால் பேச்சு நிற்கும். பகல் முழுக்க நானும் சுவரும். இவர் சாயந்திரம் வருவார், தலையெல்லாம் பஞ்சு, சட்டையெல்லாம் மில்லின் ஈரம். ஊரே நாக்கு வறண்டு கிடக்கும்போது நூலுக்கு மட்டும் அங்கே மழைக்காலம். அந்தச் சட்டையை வாங்கி முகத்தில் வைத்துக்கொள்வேன். அந்த வருஷம் எனக்குக் கிடைத்த மழை அவ்வளவுதான். கார்த்திகையில் ஒரு நாள் அழுதுவிட்டேன்.

"ஏங்க, அண்ணனுக்குக் காயிதம் போட்டு வரச் சொல்லுங்க. பொங்கலுக்கு என்னயக் கூட்டிட்டுப் போகட்டும். நான் இனி வரமாட்டேன்."

"செத்த பொறுட்டி" என்றார். முகம் செத்துப்போயிருந்தது. ஆனாலும் மறுநாள் கடிதம் போட்டார், அந்த மட்டுக்கும் நல்ல மனிதர்.

அதே வாரம்தான் விஷயம் வெளியே வந்தது. மில் வாட்ச்மேன் எங்கள் தெருக்காரர். அவர் தயங்கித் தயங்கி இவரிடம் சொல்லியிருக்கிறார். இவர் வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"காலைல வாசல்ல எம்புட்டுத் தண்ணி ஊத்துத?"

"ஏன், ரெண்டு வாளி. வாசத் தெளிக்க வேண்டாமா?"

"அதாம்ட்டி. ஒரு குடந்தண்ணிக்கு அவளுவ அம்புட்டுத் தூரம் நடக்காளுவ. நீ தெனமும் அவளுவ கண்ணு முன்னால ரெண்டு வாளிய மண்ணுல கொட்டுத. தண்ணி இருக்குன்னு திமிருல கொட்டுதான்னு தெருவே பேசுதாம்."

வாசல் தெளிப்பது திமிரா? எங்கள் ஊரில் தெளிக்காமல் விட்டால்தானே குற்றம்! ஸ்ரீவில்லிபுத்தூரில் தண்ணீர் தெளிக்காத, கோலமில்லாத வாசலைக் கண்டால் அந்த வீட்டில் ஏதோ துக்கம் என்று அர்த்தம். அந்தப் பெண்கள் பாத்திரத்தை வெறும் மணல் போட்டுத் தேய்த்து, துணியால் துடைத்து வைப்பதை நானும்தான் பார்த்திருந்தேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. மறுநாளே நிறுத்திவிட்டேன்.

நிறுத்தின கையோடு மார்கழி வந்தது. ஆண்டாள் ஊரில் பிறந்தவளுக்கு மார்கழி எப்படிப்பட்டதென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தேரடித் தெருவில் வாசலுக்கு வாசல் போட்டி போட்டுக் கோலம் கிடக்கும், நடக்க இடம் தேட வேண்டும். இங்கே நான் புதுத்தாலியோடு, துக்க வீடு மாதிரி காய்ந்த வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மனசு கேட்கவில்லை. வெறும் மணலிலேயே மாக்கோலம் போட்டேன். உள்ளே போய்க் காப்பி கலந்து எடுத்து வருவதற்குள் காற்று அதை வழித்துக்கொண்டு போய்விட்டது. மறுநாளும் போட்டேன், மறுநாளும் போயிற்று. என்ன பிடிவாதமோ, குளிரில் விரல் விறைக்க விறைக்க அதற்கு மறுநாளும் போட்டேன். எதிர்வீட்டுக் கதவிடுக்கில் ஒரு முக்காடு அசைவதைப் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

பிறகு ஒரு காலை. கேசர் தலையில் இரண்டு குடத்தோடு கிணற்றிலிருந்து வந்துகொண்டிருந்தாள். அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே என் வாசலுக்கு வந்து குடத்தை இறக்கினாள். ஒரு சின்னச் செம்பில் தண்ணீர் மொண்டாள். நான் பதறிப்போய், "ஐயோ வேண்டாம், வேண்டாம்!" என்று கையை ஆட்டினேன். அவள் என்னைச் சட்டையே செய்யவில்லை. விரலை நனைத்து நனைத்து, ஒரு துளி வீணாகாமல், கோலத்துக்கு வேண்டிய இடத்தை மட்டும் தெளித்தாள். தெருவே வாசலில் நின்று பார்த்தது. அப்போதுதான் அந்த வாசனை எழுந்தது.

என் டிரம்மில் தண்ணீர் இல்லாமலா அவள் தெளித்தாள்? நான் தெளித்தால் திமிர். அவள் தூக்கி வந்த தண்ணீரை அவளே தெளித்தால் எவள் என்ன சொல்ல முடியும்? அவளுக்கு இது எப்படித் தோன்றியது என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான். கண்ணில் நீர் முட்ட, கோடு கோணக் கோணக் கோலம் போட்டேன். பசுஞ்சாணி உருண்டை பிடித்து நடுவில் வைத்தேன். பறங்கிப் பூவுக்கு எங்கே போக? கேசர் தன் வீட்டுக்கு ஓடிப்போய் நாலு இலந்தைப் பழம் கொண்டுவந்து அதன் மேல் குத்தினாள். பிறகு முக்காட்டை விலக்கிச் சிரித்தாள். முன்பல் ஒன்று லேசாக உடைந்திருக்கும் அவளுக்கு. அது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

அதன்பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. அவள் ஒரு செம்பு தெளிப்பாள். நான் அரிசி களைந்த தண்ணீரை அவள் ஆட்டுக்குக் கொடுப்பேன். ராஜபாளையத்துப் புழுங்கலரிசித் தண்ணீர் குடித்து அந்த ஆடு நன்றாகத்தான் இருந்தது. டிரம்மில் மிஞ்சுவதை எதிர்வீட்டுக் குடத்தில் ஊற்றவும் பழகிக்கொண்டேன். முதலிலேயே அது எனக்குத் தோன்றியிருக்கக் கூடாதா?

பொங்கலுக்கு அண்ணன் வந்தான். கம்பளித் தொப்பியும் தும்மலுமாக, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவோடு வந்தான். "சாமானெல்லாம் எடுத்து வச்சிட்டியா? கெளம்புவோமா?" என்றான். இவர் அறைக்குள் எதையோ தேடுகிற மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"இப்ப இல்லண்ணே. பொறவு வாரேன்."

"ஏட்டி, இதச் சொல்லவா என்னய ரயிலு மாத்தி ரயிலு மாத்தி வரவச்ச?" என்று கத்தினான். அறைக்குள் எட்டிப்பார்த்தால் இவர் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். பால்கோவாவில் பாதி கேசர் வீட்டுக்குப் போயிற்று.

மூத்தவள் அங்கேதான் பிறந்தாள். தொண்ணூறுகளின் நடுவில் மில்லை மூடினார்கள், நாங்கள் ஊர் திரும்பினோம். கிளம்புகிற அன்றைக்கும் கேசர் தெளித்தாள், நான் கோலம் போட்டேன். கடிதம் போடலாமென்றால் அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, எனக்கு அவள் பாஷை எழுதத் தெரியாது. கடைசியாக அந்தப் பக்கம் போய்வந்த ஒருவர், கால்வாய்த் தண்ணீர் வந்துவிட்டது, இப்போது வீட்டுக்கு வீடு குழாய் என்றார். நல்லது, இனி அவள் தலையில் குடம் இருக்காது. அந்தக் கல் வீட்டை இடித்துக் கடை கட்டிவிட்டார்களாம். கேசரைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியவில்லை.

எங்கள் தெருவில் இப்போது வாசலெல்லாம் சிமெண்ட், கோலமெல்லாம் ஸ்டிக்கர். நான் மட்டும் அந்த ஒரு முழ மண்ணில் விரலை நனைத்து நனைத்துத் தெளிக்கிறேன், ஒரு செம்புக்கு மேல் ஒரு சொட்டு எடுப்பதில்லை. கஞ்சப் பிசினாறி என்று மருமகள் கேலி பண்ணுகிறாள். பண்ணட்டும். தெளிப்பதற்கு முன்னால் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு, எதிர்வீட்டுக் கதவு திறக்கிறதா என்று ஒரு நிமிஷம் பார்ப்பேன். இத்தனை வருஷமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. கதவு திறக்கும். அவர் டியூபோடு காரைக் கழுவ வருவார்.