விபூதிப் பொட்டலத்தில் ஒரு மாதத்து மாத்திரை

பிரசாதப் பொட்டலத்துக்குள் ஒளித்து வைத்தால் யார் கண்ணிலும் படாது என்று நம்பிய ஒரே அறிவாளி, இந்த வட்டாரத்திலேயே நானாகத்தான் இருப்பேன். அதுவும் சின்ன வயதில் இல்லை. அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு, மீசையும் வைத்துக்கொண்டு, இருபத்தாறு வயதில் நம்பினேன்.

போன வாரம் மருமகள் திருத்தணிக்குப் போய்வந்து ஒரு விபூதிப் பொட்டலம் கொடுத்தாள். பிரித்ததும் என் விரல் தானாக உள்ளே துழாவியது. "என்ன மாமா தேடுறீங்க?" என்றாள். மாத்திரை என்று சொன்னால் டாக்டரிடம் இழுத்துப் போய்விடுவாள். "ஒண்ணுமில்லம்மா" என்று பூசிக்கொண்டேன். உங்களிடம் சொல்வதற்கென்ன?

எழுபதுகளில் நான் திருத்தணியில் தொழுநோய் ஆய்வாளர். ஆய்வாளர் என்றதும் பெரிய டாக்டர் என்று நினைத்துவிடாதீர்கள். சைக்கிளில் தெருத்தெருவாகப் போய், சட்டையைக் கழற்றச் சொல்லி, வெளிறிய தேமல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் உத்தியோகம். இருந்தால், கண்ணை மூடச் சொல்லி, பேனா முனையால் மெல்லத் தொட வேண்டும். தொட்ட இடத்தை விரலால் காட்டிவிட்டால் வெறும் தேமல். காட்டாமல், "இன்னா சார், இன்னும் தொடலியா?" என்று கேட்டால் அந்த இடம் மரத்துவிட்டது, நோய்தான் என்று நோட்டில் பெயரை எழுதிக்கொள்வேன். வேலைக்கு வந்த புதிதில் தினமும் காலையில் எனக்கே நான் இந்தப் பரீட்சையை வைத்துக்கொள்வேன். தொடுகிறவனும் நான், காட்டுகிறவனும் நான். ஒரு நாள்கூடத் தவறாமல் தேறினேன்.

தேவராஜ் அப்படிக் கேட்டவன். லுங்கி நெய்கிறவன், என் வயதுதான். தோள்பட்டையில் ஒரு தேமல், முழங்கைக்கு மேல் ஒன்று. கிருமி கொஞ்சம்தான், அடுத்தவருக்கு ஒட்டுகிற வகை இல்லை, விடாமல் மாத்திரை விழுங்கினால் தீர்ந்துவிடும் என்று விளக்கினேன். அவன் கவலை வேறு.

"தங்கச்சிக்கு ஆவணியில கல்யாணம் சார். பள்ளிப்பட்டுல சம்பந்தம். தெரிஞ்சா நின்னுடும். வூட்டாண்ட வராதீங்க."

நியாயம்தான். ஊரில் எனக்கு 'குஷ்டத்து சார்' என்று பெயர். நான் யார் வாசலில் சைக்கிளை நிறுத்தினாலும் மறுநாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு வா என்றாலும் அங்கே எங்கள் நோயாளிகளுக்கு வரிசை தனி. நின்றாலே தெரிந்துவிடும்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. கிருத்திகைக்குக் கிருத்திகை மலையடிவாரத்தில் கூட்டம் நெரியும். அதில் யார் யாரைப் பார்க்கப்போகிறார்கள்? டாப்சோன் மாத்திரைகளை விபூதியோடு சேர்த்து மடித்து, படிக்கட்டின் கீழே அவன் கையில் திணித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன். வெள்ளை மாத்திரை, வெள்ளை விபூதி. மூன்று கிருத்திகை கச்சிதமாக நடந்தது. போலீசில் சேர்ந்திருக்க வேண்டியவன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

நான்காவது, ஆடிக் கிருத்திகை. எங்கு பார்த்தாலும் காவடியும் சந்தனம் பூசிய மொட்டையும். பொட்டலம் கைமாறிய அதே நொடியில், "இன்னா நைனா, இங்கியே நின்னுகினு கீறே?" என்று ஒரு மொட்டை வந்து நின்றது. தேவராஜின் முகம் போன போக்கிலேயே புரிந்துவிட்டது. பள்ளிப்பட்டு மாப்பிள்ளையின் அப்பா.

"பிரசாதமா? மேல இருந்த தள்ளுல எனக்குக் கெடைக்கவே இல்ல. குடு, குடு." கையை நீட்டிவிட்டார்.

முருகன் விபூதியை ஒருவர் கேட்டு இன்னொருவர் இல்லையென்று சொன்னதுண்டா? அவ்வளவு பெரிய சங்கதி என் திட்டத்தில் விட்டுப்போயிருந்தது. தேவராஜால் கொடுக்கவும் முடியவில்லை, மறைக்கவும் முடியவில்லை. நான் பொட்டலத்தைப் பிடுங்கி, "முருகா!" என்று கத்திவிட்டு, மொத்தத்தையும் என் வாயில் கொட்டிக்கொண்டேன்.

ஒரு மாதத்து மாத்திரையும் ஒரு பிடி சாம்பலும். விழுங்கக் கூடாது, துப்பவும் முடியாது. கன்னம் இரண்டும் உப்ப, கண்ணில் நீர் வழிய நின்றேன்.

"யாருபா இது? இப்டி அலையறான்?"

"தெரியாது மாமா. திருவிழான்னா இந்த மாதிரி நாலு பேரு வந்துடறாங்க."

"பாவம், பக்தி முத்திப்போச்சி" என்று சொல்லி, என் கையில் ஒரு வாழைப்பழத்தை வைத்துவிட்டு அவனை அழைத்துக்கொண்டு போனார்.

சாக்கடையோரம் குனிந்து துப்பினேன். கரைந்தது கொஞ்சம் உள்ளே போயிருக்கும், அன்று முழுக்கத் தலைவலி. மாமாவை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்த தேவராஜிடம், அடுத்த முறை தீப்பெட்டியில் வைத்துத் தருகிறேன் என்றேன். "பீடி குடிக்கிறவன் கேப்பான் சார்" என்றான் தேவராஜ். அவனே வழி சொன்னான். நெசவுக்கு வாங்கிப்போகிற நூல் சிட்டத்தின் சுருளுக்கு நடுவே செருகிவிட்டால், முதலாளி வீட்டு நூல் என்று யாரும் கை வைக்க மாட்டார்கள். இது முதலிலேயே அவனுக்குத் தெரியும். நான்தான் கேட்கவில்லை.

இப்போது அந்தத் தனி வரிசை இல்லை. மாத்திரை அட்டையில் வருகிறது, மாதக் கணக்கில் வைத்தியம் முடிந்துவிடுகிறது. தேவராஜ் வருடக் கணக்கில் விழுங்கினான். ஒரு விரல்கூட மடங்கிப்போகாமல் தப்பித்தான். சைக்கிளில் போய்ச் சட்டையைக் கழற்றச் சொல்கிற என் உத்தியோகமும் வேறு வேலைகளுக்குள் கரைந்துவிட்டது. 'குஷ்டத்து சார்' என்று கூப்பிட இன்று ஆளில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் என்று சொன்னால் அடிக்க வருவீர்கள்.

அந்த ஆவணிக் கல்யாணம் நிற்கவில்லை. பத்திரிகை வரும் என்று டெரிலின் சட்டையை இஸ்திரி போட்டு வைத்துக் காத்திருந்தேன். வரவில்லை. முகூர்த்தத்தன்று மேளச் சத்தம் ஆபீஸ் வரைக்கும் கேட்டது. அடுத்த கிருத்திகையில் மனசு ஆறாமல் கேட்டேவிட்டேன்: "உனக்காகச் சாம்பலத் தின்னேன். ஒரு பத்திரிகை வெக்கணும்னு தோணலியா?"

தேவராஜ் நூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"வெச்சா வந்துடுவீங்களே சார்."