தானா ஓடற மிஷினுக்குக் காவல்

கம்ப்யூட்டர் வேலைன்னா இன்னான்னு கேட்டா, அது பாட்டுக்கு ஓடும், நாம பாட்டுக்கு முழிச்சிகினு இருக்கணும், அவ்ளோதாங்க. ஒங்க ஆபீஸ்லயும் அப்பிடித்தான்னா கிட்ட வந்து ஒக்காருங்க, நாமல்லாம் ஒரே கட்சி.

ஆரணியில எங்க மொதலாளி பட்டு நெசவுக் குடும்பம். ரெண்டாயிரத்து மூணு, நாலு வாக்குல தறி ஒரு பக்கம் ஓட, கம்ப்யூட்டர் சென்டர் ஒண்ணு வெச்சாரு. ஸ்கூலுங்களுக்கு, விண்டோஸுக்குப் பதிலா ஓசியில கெடைக்கிற லினக்ஸைத் தமிழ்ல சிடி போட்டுத் தரேன்னு ஒத்துகினாரு. அதுல நூத்துக்கணக்குல சாஃப்ட்வேர். ஒவ்வொண்ணையும் பேக்கேஜ்னுவாங்க. வெறும் எழுத்தா வர்றதை கம்ப்யூட்டர்ல ஓட்டி, முழுசா ஆக்கி, சிடியில ஏத்தணும். ஒம்போதாவது ஃபெயிலான எனக்கு இன்னா வேலைன்னா, எழுதிக் குடுத்த கமாண்டை வரிசையா அடிக்கிறது, ஆச்சா ஆவலையான்னு நோட்டுல குறிக்கிறது.

எது மொதல்ல?

ஒரு பேக்கேஜ் அடிச்சேன். இன்னொண்ணு இருந்தாத்தான் ஆவேன்னிச்சி. சரின்னு அந்த இன்னொண்ணை அடிச்சேன். அது, மொதல்ல அடிச்சது இருந்தாத்தான் ஆவேன்னிச்சி. காலையிலர்ந்து ரெண்டுத்துக்கும் நடுவுல போய்ப் போய் வந்துகினு இருந்தேன்.

எங்க இன்ஜினியர் சுமதி மேடம் வேலூர்லர்ந்து வாரத்துக்கு ரெண்டு நாள் பஸ்ல வருவாங்க. ஒண்ணை அரையும் குறையுமா ஆக்கிட்டு, அதை வெச்சி மத்ததை ஆக்கி, திரும்ப மொதலாவதை முழுசா ஆக்கணும்னாங்க. புரிஞ்ச மாதிரி தலையாட்டினேன். மொதலாளி எட்டிப் பாத்துட்டுச் சொன்னாரு: "பொண்ணு வூட்டுக்காரன் நீ மொதல்ல வான்றான், மாப்ள வூட்டுக்காரன் நீ வான்றான். நடுவுல தரகனாட்டம் நின்னுகினு கீறியே சேகரு."

மேடம் கொரல்ல

நமக்குத்தான் சும்மா இருந்தா வாய் நமநமங்குமே. ஸ்கிரீன்ல எழுத்து ஓடும்போது, சந்தவாசல் பஸ் கண்டக்டர் மாதிரி பேக்கேஜ் பேரெல்லாம் கூவுவேன். ஒரு நாள் இல்லாத கண்ணாடியை மூக்குல ஏத்தி விட்டுகினு மேடம் மாதிரியே, "அண்ணா, கடைசி வரியைப் பாக்காதீங்க, மொத எரரைப் பாருங்க"ன்னு இழுத்தேன். சிரிச்சிகினு இருந்த சென்டர் பசங்க கப்புனு நிறுத்திட்டாங்க. திரும்பினா, மேடம்.

"நல்லா இருக்கு அண்ணா. அந்த மொத எரர் என்னன்னும் என் கொரல்லயே சொல்லிடுங்க."

கை தட்டினது

மேடம் ஒரு புரோகிராம் எழுதிட்டாங்க. எது மொதல்ல, எது பின்னாலன்னு அதுவே பாக்கும், அதுவே ஆக்கும், எது ஆவலைன்னு அதுவே லெட்டர் போடும். நான் பத்து நாள் அடிக்கிறதை ஒரே நாள்ல முடிச்சிச்சி. எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன், பாதியில நிறுத்திட்டேன். வூட்ல ரெண்டு பொண்ணுங்க படிக்குதுங்க.

"அப்ப நான் இன்னாங்க பண்றது?"ன்னு மொதலாளியைக் கேட்டேன். "ஸ்கூல் தெறக்கறதுக்குள்ள சிடி வரணும். அது வரிக்கும் மிஷின் ஓடுதான்னு பாத்துகினு இரு. அப்பால களம்பூர்ல நம்ம மச்சான் ரைஸ் மில்லு கீது. மூட்டை தூக்குவ இல்ல?"

மாசத்துக்கு ஒரு தரம்

நல்லா ஓடிகினு இருந்த மிஷின், ஒரு நாள் காலையில வந்து பாத்தா பாதியில செத்துக் கெடந்திச்சி. மேடம் ஒயரை மாத்தினாங்க, புரோகிராமை வரி வரியாப் படிச்சாங்க. அடுத்த மாசமும் அதே கதை. மேடம் பேஜாராயிட்டாங்க. என் நோட்டுல தேதி பாத்து, சொவத்துல தொங்கற காலண்டரைப் பொரட்டினா, ரெண்டு தரமும் அதுக்கு முந்தின நாள் அமாவாசை.

அமாவாசைன்னா எங்கூர்ல தறி ஓடாது. எங்களுக்கும் லீவு. மொதலாளி மட்டும் வந்து, சென்டர்ல கல்பூரம் ஏத்திட்டு, மெயினை அணைச்சிட்டுப் போவாரு. வேலூர் மேடத்துக்கு அது தெரியாது. எங்களுக்கு அது சொல்ற சமாச்சாரமாவே தோணலை. ஏன் சார் அணைச்சீங்கன்னு மேடம் அழாத கொறையாக் கேட்டாங்க.

"தறியே நிக்கிது. இதுக்கு மட்டும் இன்னாம்மா, கொம்பா மொளைச்சிருக்கு?"

லீவு சொல்ற ஆளு

சரி, மிஷினுக்கே அமாவாசை லீவு கத்துக் குடுக்கலாம்னு மேடம் ஒக்காந்தாங்க. அதுக்குத் தேதி தெரியுது, கெழமை தெரியுது, அமாவாசை தெரியலை. மாசா மாசம் ஒராளு காலண்டர் பாத்து, மொத நாளே வேலையை ஒழுங்கா நிறுத்தி, அமாவாசை கழிச்சி மறுநாள் திரும்ப ஓட்டி வுடணும். மொதலாளி மேடத்தைப் பாத்தாரு. மேடம் என்னைப் பாத்தாங்க. நான் ஃபேனைப் பாத்தேன்.

"மில்லுக்கு வேற ஆள் பாருங்க சார். இவரு லீவு சொன்னாத்தான் என் மிஷின் ஒழுங்கா ஓடும்."

ஸ்கூல் தெறக்க ரெண்டு நாள் முன்னாடியே சிடி போயிடிச்சி. மிஷின் அடுத்த சிடிக்கு ஓடிகினு கீது, நானும் மில்லுக்குப் போவாம இங்கியேதான் கீறேன். பேக்கேஜ் எப்பிடி ஆவுதுன்னு எனக்கு இன்னிக்கும் வெளங்கலை, ஆனா மாசத்துல ஒரு நாள் ஆவக் கூடாதுன்றதை நான் சொன்னாத்தான் மிஷினுக்கே தெரியும்.