மோட்டார் மாறனும் மூடுபனியும்

பூனா பக்கத்து நிக்டியில் சரசா என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. "அக்கவுண்ட்ஸ் ஜம்புநாதன் மனைவி" என்றால் கீழ்வீட்டு மராத்திக்காரர்கள் மூன்றாவது மாடியைக் கை காட்டுவார்கள். அந்த மூன்றாவது மாடிச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அவள் நூற்றுக்கு மேற்பட்ட காமிக்ஸ் கதைகளையும், தேனீ வளர்ப்பிலிருந்து தீயணைப்பு வரைக்கும் ஐம்பது அறுபது பொது அறிவுப் புத்தகங்களையும் எழுதித் தள்ளியவள் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தும் பிரயோஜனமில்லை, எல்லாம் தமிழ். பெற்ற பெண் அம்ருதாவே அம்மா எழுதியதில் ஒரு வரி முழுசாகப் படித்ததில்லை. அவள் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் வில்லன் ஊரைவிட்டே ஓடிவிடுவான்.

தொண்ணூற்றிரண்டில் ஆரம்பித்தது இது. சிவகாசியில் 'சூறாவளி காமிக்ஸ்' நடத்திய பக்தவத்சலம் கதை எழுத ஆள் தேடிக்கொண்டிருந்தார். திருச்சியிலிருந்து கல்யாணமாகி வந்து, பகல் முழுக்க என்ன செய்வதென்று தெரியாமல் இருந்த சரசா ஒரு கதையை எழுதித் தபாலில் போட்டாள். கதாநாயகன் மோட்டார் மாறன். பைக்கில் வருவான், பைக்கில் போவான், நடுவில் நாலு பேரை உதைப்பான். சரசாவுக்கு சைக்கிள்கூட விடத் தெரியாது. கிளட்ச் என்றால் என்ன என்பதை ஜம்புநாதன் ஒருநாள் ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் சொல்லிக் கொடுத்தார். அந்த ஒரு பாடத்தை வைத்துக்கொண்டுதான் மாறன் அத்தனை வருஷம் வண்டி ஓட்டினான். பெண் எழுதினாள் என்று தெரிந்தால் பையன்கள் வாங்க மாட்டார்கள் என்று பக்தவத்சலம் பேரை 'எஸ்.ஜே.' என்று சுருக்கிவிட்டார். சரசாவுக்கு அதில் கோபம் உண்டு. கோபத்தை வில்லன்கள் மேல் காட்டினாள்.

ஜம்புநாதன் கம்பெனி பஸ் ஏறியதும் வேலை தொடங்கும். ஒரு தாளை ஆறு கட்டமாக மடிப்பாள். ஒவ்வொரு கட்டத்திலும் குச்சி மனிதர்களைப் போட்டு, பக்கத்தில் யார் எங்கே நிற்கிறான், வெளிச்சம் எந்தப் பக்கம், பலூனில் என்ன பேச்சு என்று எழுதுவாள். மாடிப்படியிலிருந்து உருண்டு விழுபவனின் கால் எந்தப் பக்கம் போகும் என்று சந்தேகம் வந்தால், தலையணையைப் போட்டுத் தானே விழுந்து பார்ப்பாள். சப்பாத்திக் கட்டையைப் பிடித்துக்கொண்டு அம்ருதா கொள்ளைக்காரனாக நிற்பாள்.

அந்தத் தாள்கள் போகிற இடம் சாத்தூர். அங்கே துரைசாமி என்று ஓர் ஓவியர். மாறனுக்கு மூஞ்சி கொடுத்தவர் அவர். அவரும் சரசாவும் ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை.

முதல் வருஷமே ஒரு கூத்து நடந்தது. தளேகாவ் ஸ்டேஷனில் மாறன் ரயிலுக்குக் காத்துக்கொண்டு வடா பாவ் தின்கிறான் என்று சரசா எழுதியிருந்தாள். அச்சாகி வந்த புத்தகத்தைப் பிரித்த ஜம்புநாதன் சிரித்த சிரிப்பில் மூக்குக் கண்ணாடி கீழே விழுந்தது. "என்னடி இது, ஓட்டை போட்ட உளுந்து வடையை ரெண்டு ரொட்டிக்கு நடுவுல வெச்சுத் திங்கறான் உன் ஹீரோ!" வடா பாவில் வைப்பது உருளைக்கிழங்கு உருண்டை என்று சாத்தூர்க்காரருக்கு எப்படித் தெரியும்? வடை என்றால் வடைதான். ஓட்டையை மிக அழகாக, நிழலெல்லாம் கொடுத்துப் போட்டிருந்தார்.

சரசா சிரித்துக்கொண்டே இதைத் துரைசாமியிடம் ட்ரங்க் காலில் சொல்லப்போக, மனுஷர் கூனிக் குறுகிவிட்டார். "இனி கண்ணால பாக்காததை வரையமாட்டேம்மா. இங்கன பாக்க முடிஞ்சதா இருந்தா நானே போயிப் பாத்துக்கிடுறேன். முடியாததுன்னா நீங்க போட்டோ அனுப்பிருங்க." சொன்னவர் சொன்னபடி நடந்தார். சரசா கலங்கரை விளக்கம் என்று எழுதினால் துரைசாமி தூத்துக்குடி பஸ் ஏறிவிடுவார். கோர்ட் என்று எழுதினால் மதுரைக் கோர்ட்டு வராந்தாவில் ஒருநாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு வருவார். ஒரு கதைக்காகத் தீயணைப்பு வண்டியின் ஏணியில் ஏறி, இறங்கத் தெரியாமல் தவித்ததும் உண்டு. பக்தவத்சலம் பஸ் கட்டணத்தைப் பார்த்துப் பல்லைக் கடிப்பார். ஆனால் மாறன் பைக்கின் ஒவ்வொரு ஆரக்கம்பியையும் எண்ணிப் பார்க்கலாம் என்று பையன்கள் கடிதம் எழுதினார்கள். ஆகவே அவர் பல்லோடு நிறுத்திக்கொண்டார்.

இரண்டாயிரத்து இரண்டு வாக்கில் அம்ருதா ஒருநாள் புதுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். எழுத்தைப் படிக்காதவள் என்பதால் அவள் படத்தை மட்டும்தான் பார்ப்பாள். அதனால் நன்றாகப் பார்ப்பாள்.

"அம்மா, மாறன் ஏன் ஹமேஷா கையை பாக்கெட்லயே வெச்சிண்டிருக்கான்? டண்டி ஹை க்யா?"

"குளிரும் இல்லை, ஒண்ணும் இல்லை. கொடு இப்படி."

சரசா வாங்கிப் பார்த்தாள். கை பாக்கெட்டில் இருந்தது. எதிரில் நின்றவன் கையைக் கட்டிக்கொண்டிருந்தான். பைக் சக்கரத்தில் ஆரங்கள் இல்லை, வெறும் வளையம். கடைத்தெரு என்று அவள் எழுதிய இடத்தில் ஒரு சுவரும் ஒரு நாயும். பழைய புத்தகங்களை எடுத்து வரிசையாகப் பார்த்தாள். முதலில் கூட்டம் போயிருந்தது, அப்புறம் எழுத்துப் பலகைகள், அப்புறம் விரல்கள். அந்த மனுஷருக்குக் கண் தெரியவில்லை.

அந்த வாரமே பக்தவத்சலம் போன் செய்தார். "துரைசாமிக்கு வர வர சோம்பல் ஜாஸ்தியாயிட்டுது. சென்னையில ஒரு பையன் கம்ப்யூட்டர்லயே போட்டுத் தர்றான். மாத்திரலாமான்னு பாக்குறேன்."

"சோம்பல் இல்லை சார். நான்தான் அப்படிப் போடச் சொன்னேன். இனிமே மாறன் கதை எல்லாம் ஒரு மாதிரி இருட்டா, மர்மமா இருக்கப்போறது." வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு எழுதித்தானே ஆகவேண்டும்?

அப்படிப் பிறந்ததுதான் மூடுபனி வரிசை. ஆடி மாதத்தில் லோனாவ்ளா மலைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், பக்கத்தில் நிற்கும் புருஷனே தெரியாது. அந்தப் பனியை அப்படியே வாரிக்கொண்டு வந்து கதையில் போட்டாள். மலைப்பாதையில் பனி, பனிக்குள் ஒரு ஹெட்லைட், அவ்வளவுதான் ஒரு பக்கம். வில்லன்கள் எல்லோரும் ரெயின்கோட் வாங்கிக்கொண்டார்கள். மாறன் ஹெல்மெட்டைக் கழற்றுவதே இல்லை. பனி இல்லாத ஊரில் மின்வெட்டு வந்தது. மகாராஷ்டிரத்தில் அதற்கா பஞ்சம்? விரல் காட்ட வேண்டிய இடத்தில் கையுறை. துரைசாமி பெரிய பிரஷ்ஷால் கறுப்பை அப்பி, நடுவில் வெள்ளையாக விட்டுவிட்டால் போதும். வேடிக்கை என்னவென்றால் பையன்கள் அதையும் கொண்டாடினார்கள். பக்தவத்சலம் பக்கங்களைக் கூட்டினார். தான் ஓர் ஆளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம் என்று சரசாவுக்கு உள்ளூர ஒரே பெருமை.

துரைசாமியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் மனசு உடைந்துபோகும் என்று நினைத்தாள். இரண்டு வருஷம் நினைத்துக்கொண்டே இருந்தாள்.

இரண்டாயிரத்து நாலில் பக்தவத்சலம் சர்க்கரை நோயைப் பற்றி ஒரு புத்தகம் கேட்டார். மருத்துவ விஷயம் என்றால் சரசா பூனாவில் ஔந்தில் இருந்த டாக்டர் பார்கவியிடம் போய் உட்காருவாள். கோயம்புத்தூர்க்காரி, சின்ன வயசு, கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்வாள். கால், சிறுநீரகம் என்று வரிசையாக வந்து கண்ணுக்கு வந்தார்கள்.

"வலியே இருக்காதுங்க அக்கா. அதுதான் தொந்தரவே. கண்ணுக்குப் பின்னாடி ரத்தக் குழாய் கெட்டுட்டே போகும். முதல்ல பொடிசா இருக்கிறது தெரியாது, அப்புறம் ஒவ்வொண்ணா போகும். சீக்கிரமா வந்தா லேசர் வெச்சு அங்கேயே நிறுத்திரலாம். போனது மட்டும் திரும்பி வராதுங்க."

சரசா எழுதுவதை நிறுத்தினாள். டீயில் சர்க்கரையை விட்டாயிற்று என்று துரைசாமி எப்போதோ போனில் சொன்னது ஞாபகம் வந்தது.

"ரெண்டு வருஷம் விட்டுட்டா?"

"ரெண்டு வருஷமா?" என்றாள் பார்கவி. "அது ரொம்பங்க அக்கா."

திரும்புகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் சரசா நின்றுகொண்டே வந்தாள். கண்ணில் படுகிற ஹெல்மெட்டையும் ரெயின்கோட்டையும் பார்க்கப் பார்க்க எரிச்சலாக இருந்தது. தன் கெட்டிக்காரத்தனத்தின் மேல் காறித் துப்பலாம் போல இருந்தது. அவள் பனி போடாமல் இருந்திருந்தால் பக்தவத்சலம் கேட்டிருப்பார், சண்டை வந்திருக்கும், வேலைகூடப் போயிருக்கும். ஆனால் மனுஷர் டாக்டரிடம் போயிருப்பார்.

வீட்டுக்கு வந்ததும் சாத்தூருக்குப் போன் போட்டாள். சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"துரைசாமி சார், கண்ணை ஒரு தடவை டாக்டர்கிட்டக் காட்டுங்கோளேன்."

"என் கண்ணுக்கு என்னம்மா? கழுகு மாதிரில்ல இருக்குது. முதலாளி ஐயாகிட்ட எதும் சொல்லிராதீக." லைன் போய்விட்டது. அடுத்த இரண்டு தடவையும் போனை எடுத்த பக்கத்துக் கடைக்காரர் அவர் வெளியே போயிருப்பதாகச் சொன்னார்.

சரசா முந்தானையைச் செருகிக்கொண்டு மேஜையில் உட்கார்ந்தாள். புதுக் கதை. வைரக் கடத்தல்காரன் ஒருவன் மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குள் ஒளிந்துகொள்கிறான். பாதிக் கதை கண் பரிசோதனை அறையில் நடக்கிறது. பனி இல்லை, மின்வெட்டு இல்லை, எல்லா விளக்கும் எரிகிறது. முகவாயை வைத்து உட்காரும் கருவி ஆறு கட்டத்தில் வருகிறது, ஒவ்வொரு திருகும் தெரிய வேண்டும். கடைசிப் பக்கத்தில் கடத்தல்காரனைப் பிடித்த பிறகு மாறனே அந்த நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைக் காட்டுகிறான். மேலே கொட்டை எழுத்தில் எழுதினாள்: 'ஓவியருக்கு: நேரில் பார்த்துத்தான் வரைய வேண்டும்.'

அவர் விதித்த விதி. அவர் அதை மீறியதில்லை.

பார்கவியுடன் படித்த ஒருத்தி மதுரையிலேயே கண் டாக்டராக இருந்தாள். "காமிக்ஸ் படம் போடுறவர் ஒருத்தர் வருவாருங்க. அந்த நாற்காலில அவர் உட்கார்ந்தாத்தான் மிஷினை வரைய விடணும்" என்று பார்கவி அவளிடம் சொல்லி வைத்தாள்.

அந்த டாக்டரின் விலாசத்தோடு கதை போயிற்று. பதில் இல்லை. பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக மாறன் ஒரு மாதம் வரவில்லை. பக்தவத்சலம் போனில் குதித்தார். சரசா சாம்பாரில் இரண்டு தடவை உப்பைப் போட்டாள். ஜம்புநாதன் அதில் மோரை ஊற்றிச் சாப்பிட்டார்.

ஐந்தாவது வாரம் துரைசாமி போட்ட படங்களின் ஜெராக்ஸ் பிரதிகள் வந்தன. கோடுகள் தடிமனாக, அங்கங்கே நடுங்கியிருந்தன. ஆனால் அறை முழுக்க வெளிச்சம். கருவியின் திருகுகள் இருந்தன. டாக்டரின் கையில் ஐந்து விரலும் இருந்தன. சரசா எண்ணிப் பார்த்தாள்.

கடைசிப் பக்கத்தில் நாற்காலியில் மாறன் இல்லை. காது பெரிதான, ஒல்லியான ஒரு மனுஷர் உட்கார்ந்திருந்தார். இடது கண்ணில் கட்டு. சட்டைப் பையில் பிரஷ். பக்கத்தில் மாறன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, அவருடைய துணிப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். துரைசாமியின் முகத்தை சரசா அன்றைக்குத்தான் பார்த்தாள்.

சாத்தூருக்குப் போட்ட போனை எடுத்தது அவரேதான்.

"இடது கண்ணு போயிருச்சும்மா. வலது நிக்கும்னுட்டாக. நாலு தடவை லேசர் வெச்சாக. அடுத்த கதையில பனி வேணாம்மா. போட்டுப் போட்டுக் கை சலிச்சுப் போச்சு."

"உங்களுக்கு... தெரியுமா?" என்றாள் சரசா.

"ரெண்டாவது பனிக் கதையிலயே தெரியும்மா. அந்தப் பொம்பள அங்கன இருந்துக்கிட்டு எனக்காக இம்புட்டுப் பாடுபட்டு மறைக்குது, நாம போயி எப்பிடிச் சொல்றதுன்னுதான் சும்மா இருந்துட்டேன்."

சரசா போனைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதாள். அந்த இடது கண் தன்னால் போனது என்று அவளுக்கு அன்றைக்கும் தோன்றியது, பிறகும் தோன்றியது. அவர் 'அம்மா, அம்மா' என்று அந்தப் பக்கம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

ஜம்புநாதன் மறுநாள் ஆபீஸ் போகிற வழியில் ஸ்டேஷனில் இறங்கி வரிசையில் நின்றார். சரசா புதுத் தாளை ஆறாக மடித்தாள். முதல் கட்டத்தில் எழுதினாள்:

'பட்டப்பகல். தளேகாவ் ஸ்டேஷன், நல்ல கூட்டம். மாறன் ஹெல்மெட் இல்லாமல் வெயிலில் நிற்கிறான். கையில் வடா பாவ். ஓவியருக்கு: நேரில் வந்து பார்த்துத்தான் வரைய வேண்டும். ரயில் டிக்கெட் இத்துடன் இருக்கிறது.'