தொண்ணூற்றேழில் உடைந்த எண்

களுவாஞ்சிக்குடியில் ஒருவருடைய அடையாள அட்டை கையில் கிடைத்தால் மற்றவர்கள் படத்தைப் பார்ப்பார்கள். கணக்கு வாத்தியார் வினாயகமூர்த்தி மாஸ்டர் இலக்கத்தைப் பார்ப்பார். ஒன்பது இலக்கத்தையும் ஒரே எண்ணாக எடுத்து, இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என்று பகா எண்களால் வரிசையாக வகுத்துக்கொண்டே போவார். மீதியில்லாமல் வகுபட்டால் எண் உடைந்தது என்பார். தேத்தண்ணிக் கடையில் இது பெரிய பகிடி. தன் எண் மூன்றிலேயே உடைந்ததற்குக் கடைக்காரர் கோணாமலை ஒரு கிழமை மாஸ்டரோடு கதைக்கவில்லை.

தொண்ணூறாம் ஆண்டு, சண்டை மறுபடி தொடங்கியிருந்தது. வாவியில் இறால் பிடிக்கிற தங்கராசா தன் எண் உடையவே உடையாது என்று அட்டையை நீட்டினார். 592160071. மாஸ்டர் சீனிப்பையைக் கிழித்து அதில் வகுத்தார். எண்பத்தொன்பது வரை வந்தும் உடையவில்லை. தங்கராசாவுக்குத் தலைகால் புரியாத சந்தோசம். அதற்குள் இராணுவச் சுற்றிவளைப்பு என்று யாரோ கத்த, எல்லோரும் ஓடினார்கள். அட்டை மாஸ்டரின் சட்டைப்பையோடு போய்விட்டது.

விடிந்ததும், அட்டை மடியில் இருக்கிற நினைப்பில் இறால் கொண்டுபோன தங்கராசாவைச் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். காட்ட ஒன்றுமில்லை. கூட்டிப்போய்விட்டார்கள். மாஸ்டர் அட்டையோடு ஓடிப்போய்க் கேட்டபோது, அப்படி யாரையும் பிடிக்கவில்லை என்றார்கள்.

தங்கராசாவின் மனைவி சீதேவிப்பிள்ளை படியேறாத முகாம் இல்லை. மாஸ்டருக்குச் சிங்களம் தெரியும் என்பதால் அவரும் கூடப் போவார். தன் புருசன் அட்டை இல்லாமல் வெளிக்கிடுகிறவர் இல்லை என்று அவள் அழுதழுது சொல்வாள். அதையும் மாஸ்டர் ஒரு சொல் விடாமல் சிங்களத்தில் சொல்வார். அட்டை தன்னிடம் இருப்பதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. கோழைத்தனம்தான், வேறென்ன.

மூன்றாம் வருடம், காணாமல்போனவர்களைப் பதிகிற ஒரு கந்தோர் வாசலில் அவள் கேட்டாள்: "உள்ள அவர்ர ஐசி நம்பரக் கேப்பாங்களாம். உங்களுக்குத்தான் எல்லாற்ற நம்பரும் பாடமே, சொல்லுங்க மாஸ்டர்."

மாஸ்டர் அட்டையை எடுத்து அவள் கையில் வைத்தார். நடந்ததைச் சொன்னார்.

அவள் படத்தையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "அப்ப இது உடைஞ்சுதா?" என்றாள்.

"ஓம். அடுத்தது தொண்ணூற்றேழு. அதில உடையிது. அண்டைக்கு இன்னும் ஒருக்கா வகுத்திருந்தா அங்கேயே குடுத்திருப்பன்."

அட்டையைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். மாஸ்டர் வழக்கம்போல முன்னே நடக்கப்போனார். அவள் கையால் மறித்துவிட்டு, ஒரு சொல் சிங்களம் தெரியாமல், தனியே உள்ளே போனாள்.