பால் காய்ச்சிய வாடகை வீடு

இந்த மலாய்க்காரர்களின் பழக்கம் ஒன்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆளில்லாத வீட்டுக்குள் நுழைந்தாலும் சலாம் சொல்லிவிட்டுத்தான் நுழைகிறார்கள். என் வீட்டில் மரவேலை செய்ய வந்த பாக் சாலேயும் அப்படித்தான். வெறும் சுவருக்கு என்ன மரியாதை என்று சிரித்துக்கொள்வேன்.

ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலையில் மிச்சம் பிடித்து, தஞ்சோங் கிளிங் சாலையோரம் கட்டிய பலகை வீடு அது. ஊரிலிருந்து மனைவி செல்லம்மாளை வரவழைக்கத்தான் கட்டினேன். அவள் கப்பலேற மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றுவிட்டாள். சில வருஷம் கோபித்துக்கொண்டு கிடந்தேன். பிறகு ரப்பர் விலை விழுந்து, தோட்டத்தில் என்னையும் நிறுத்திவிட்டார்கள். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, அந்த வருமானத்தை நம்பி அவளிடமே போய்விடலாம் என்று தோன்றியது. ஆனால் தோட்டம் தோட்டமாக ஆட்கள் ஊர் திரும்பிக்கொண்டிருந்த நேரத்தில் குடிவர யார் இருக்கிறார்கள்?

கையைக் கடிக்காத வசதிகளாகப் பார்த்துச் செய்தேன். மண்ணெண்ணெய்த் தகரங்களைப் பிரித்து அடித்துக் குளிக்க மறைப்பு, கிணற்றடியில் துவைகல், தொட்டில் கட்ட உத்தரத்தில் கொக்கி. அதற்கும் யாரும் வராமல் போகவே ஒரு யோசனை உதித்தது. பால் காய்ச்சும் செலவுகூட வருகிறவர்களுக்கு வேண்டாமே! நானே நல்ல நாள் பார்த்துக் காய்ச்சினேன். பெண் துணை இல்லாத குறைக்கு, பால் பொங்கும்போது செல்லம்மாள் பெயரைச் சொல்லி, அவள் பங்கென்று ஒரு தம்ளரை அடுப்படியில் வைத்துவிட்டு வந்தேன். நம் வழக்கத்தில் பால் காய்ச்சியவர்கள்தாம் குடியேறியவர்கள் என்பது இந்தப் புத்திசாலிக்கு உறைக்கவில்லை.

மறுநாள் பாக் சாலே என்னை வழியில் நிறுத்தி, "சுடா அடா ஓராங்" என்றார். ஆள் வந்தாயிற்று என்கிறார்! குடித்தனக்காரர்கள் காத்திருக்கிறார்கள் என்று ஓடினேன். வீடு பூட்டிக் கிடந்தது. உள்ளே தம்ளர் கழுவிக் கவிழ்த்திருந்தது. துவைகல் ஈரமாக இருந்தது. இன்னொரு சாவி பாக் சாலேயிடம் இருந்ததால் அவர் வேலையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அந்த வாரமே லாரி ஓட்டும் முத்து தன் மனைவியோடு வீடு பார்க்க வந்தார். அந்தப் பெண் பிள்ளைத்தாய்ச்சி. கொக்கியைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அடுப்படிக்குப் போனவள் உடனே திரும்பிவிட்டாள்.

"அண்ணே, ஆள் இருக்குன்னு சொல்லவே இல்லியே. உள்ள ஒரு அக்கா அடுப்பு ஊதுறாங்க."

"யாரும் இல்லையேம்மா."

"இருக்காங்க லா! இடது கையில ஊதுகுழல் பிடிச்சிக்கிட்டு, 'அவரு வர்ற நேரம்'னு எங்கிட்டச் சொன்னாங்களே."

செல்லம்மாளுக்கு இடது கைப் பழக்கம். அதை இந்த நாட்டில் யாரிடமும் நான் சொன்னதில்லை.

முத்து அடுப்படியை எட்டிப் பார்த்தார்; அங்கே யாரும் இல்லை. என்னைத் தனியே அழைத்தார். "பூசாரியக் கூட்டியாந்து அந்த அம்மாவ வெளியேத்திடுங்கண்ணே. அப்புறம் நாங்களே வந்துடுறோம்."

அவர்கள் போன பிறகு வாசலிலேயே நின்றேன். அங்கே அவளிடம் போக வேண்டுமானால் இங்கிருந்து அவளை விரட்ட வேண்டும். ஊரில் இருப்பவர்களே, நீங்களே சொல்லுங்கள். வரவே மாட்டேன் என்றவள் வந்திருக்கிறாள். அவளைப் போ என்று எந்த வாயால் சொல்வேன்?

உள்ளே போனேன். அடுப்படியில் யாரும் இல்லை. ஒரே ஒரு இலையில் ஆவி பறக்கச் சோறு பரிமாறியிருந்தது. அதில் கை வைத்தால் இனி நான் கப்பல் ஏறப்போவதில்லை என்று தெரிந்தது. பசித்தது. உட்கார்ந்தேன்.